வளர்க்கும் தேள் எந்த வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தேள் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்கள் அனுப்பும் படங்களுக்குக் குறைவே இல்லை. பெரும்பாலும் மேலிருந்து, ஃபிளாஷ் போட்டு, லேசாக ஆடிப்போய் எடுத்த படம். கூடவே "இது என்ன வகை?" என்று ஒரு வரி. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். யாரையாவது தேள் கொட்டிவிட்டு இங்கே வந்திருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு "கொட்டிடுச்சு" என்று தொடங்கும் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

அண்ணா, போட்டோ அனுப்புறேன். என்ன வகைன்னு பாத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிகள் உண்டு. படம் நன்றாக இருந்தால் தேள் எந்தக் குடும்பம் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். பேரினத்தைப் பல நேரம் சொல்லலாம். சிற்றினம் வரைக்கும் போவது படத்தை வைத்து நடக்கிற காரியம் இல்லை. உலகத்தில் 2,500-க்கும் மேற்பட்ட தேள் வகைகள் இருக்கின்றன, இந்தியாவில் மட்டும் நூற்றுக்கும் மேல். அவற்றில் பலவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வளர்ப்பவருக்கு முதல் இரண்டு படிகள் போதும் என்பது என் கருத்து. கொட்டினால் எவ்வளவு ஆபத்து, பெட்டியில் ஈரம் வேண்டுமா வேண்டாமா என்கிற இரண்டு முக்கியமான விஷயங்களும் அங்கேயே தெரிந்துவிடும். சிற்றினப் பெயர் தெரிந்தால் சந்தோஷம், தெரியாவிட்டால் தேள் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கறுப்பா இருக்கு, பெருசா இருக்கு. அப்ப நட்டுவாக்காலிதானே?

பெரிய கருந்தேள் எதுவாக இருந்தாலும் நம் ஊரில் நட்டுவாக்காலி என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குள் பல சிற்றினங்கள் அடங்கும். அவற்றில் பெரியது ஜைகான்டோமெட்ரஸ் சுவாமர்டாமி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நன்றாக வளர்ந்தது 15 செ.மீ. தாண்டும். உலகத்தின் மிகப் பெரிய தேள்களில் இதுவும் ஒன்று. அதைவிடச் சிறிய கருந்தேள்கள் கெர்சொனெசொமெட்ரஸ் என்ற பேரினத்தில் வருகின்றன. அதில் ஒன்றின் பெயரே மதராஸ்படென்சிஸ். 1900-இல் போகாக் என்ற ஆய்வாளர் வைத்தது. ஃபுல்விபெஸ் என்று இன்னொன்று, அதற்குக் கால்கள் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்து இருக்கும்.

இவை எல்லாமே ஸ்கார்பியோனிடே குடும்பம். கொட்டினால் வலிக்கும், வீங்கும், ஆனால் செந்தேள் அளவுக்கு உயிருக்கு ஆபத்து இல்லை. சீண்டினால் சில சமயம் "ஸ்ஸ்" என்று சத்தம் வரும். அது வாயிலிருந்து வருவதில்லை. இடுக்கிக் கையின் அடிப்பகுதியையும் முதல் காலின் அடிப்பகுதியையும் ஒன்றோடொன்று உரசி எழுப்புகிற சத்தம். உங்கள் கருந்தேள் அப்படிச் சத்தம் போட்டால் குடும்பம் எது என்பதற்கு அதுவும் ஒரு நல்ல தடயம்.

நிறத்தை வெச்சு எதுவுமே சொல்ல முடியாதா?

கடைசியாகப் பார்க்க வேண்டியது நிறம். சட்டை உரித்த அன்றைக்கு எந்தத் தேளும் வெளிறித்தான் இருக்கும். குஞ்சும் பெரியதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. செந்தேளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் ஆரஞ்சில் தொடங்கி அடர்ந்த பழுப்பு வரைக்கும், ஊருக்கு ஊர் மாறும். "சிவப்பா இல்ல, அதனால செந்தேள் இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்ப எதைத்தான் முதல்ல பாக்கணும்?

முதலில் இடுக்கி, அதாவது நண்டுக்கு இருப்பது போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். அவை உருண்டு திரண்டிருக்கின்றனவா, விரல் போல ஒல்லியாக இருக்கின்றனவா? அப்புறம் வால். இடுக்கியோடு ஒப்பிட்டால் வால் தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா? ஒல்லி இடுக்கியும் தடித்த வாலும் இருந்தால் அது பெரும்பாலும் பியூத்திடே குடும்பம். தடித்த இடுக்கியும் அதற்குப் பொருந்தாத மாதிரி மெலிந்த வாலும் என்றால் ஸ்கார்பியோனிடே பக்கம் போகலாம்.

இதை உறுதி செய்ய அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசிக் கால்களின் அடிப்பகுதிகளுக்கு நடுவில், நடுக்கோட்டில், ஒரு சின்னத் தகடு தெரியும். மார்புத் தகடு என்று வைத்துக்கொள்ளலாம். பியூத்திடேயில் அது முக்கோணமாக இருக்கும், மேலே குறுகிக் கீழே அகன்று. ஸ்கார்பியோனிடேயில் ஐந்து பக்கம் உள்ள வடிவம், சின்ன வீடு வரைந்தது போல. பார்க்கத் தெரிந்துவிட்டால் சந்தேகமே வராது. இடுக்கி அளவில் ஏமாந்து போகிறவர்கள்கூட இதில் ஏமாறுவதில்லை.

மூன்றாவது, கொடுக்கு. வால் நுனியில் உள்ள விஷப் பையும் வளைந்த ஊசியும் சேர்ந்ததுதான் கொடுக்கு. ஊசிக்கு நேர் கீழே இன்னொரு சின்ன முள்ளோ புடைப்போ இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். லைக்காஸ், ஐசோமெட்ரஸ் வகைகளுக்கு இருக்கும், செந்தேளுக்கு இருக்காது. சென்னைப் பக்கம் கிடைக்கும் சின்னத் தேள்களைப் பிரிக்க இந்த ஒரு முள் பெரிய உதவி.

இடுக்கி பெருசா இருந்தா விஷம் கம்மின்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். மனிதனுக்கு ஆபத்தான தேள்கள் கிட்டத்தட்ட எல்லாமே பியூத்திடே குடும்பம், அந்தக் குடும்பத்தில் இடுக்கி ஒல்லி. அதிலிருந்து பிறந்த விதிதான் இது. ஆனால் ஈரானில் ஹெமிஸ்கார்பியஸ் லெப்டுரஸ் என்று ஒரு தேள் இருக்கிறது. அது பியூத்திடே இல்லை, ஆனாலும் உயிரைக் குடிக்கும். பியூத்திடேயிலேயே பெரிய தொல்லை தராத சின்ன வகைகளும் பல. செந்தேள் ஆணுக்கு இடுக்கி பெண்ணைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, கை பெருசுதான்" என்று முடிவு கட்டுவது முட்டாள்தனம்.

விதியை எச்சரிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தைரியத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒல்லி இடுக்கி என்றால் பயப்படுவது சரி. தடித்த இடுக்கி என்பதற்காகக் கையில் ஏந்துவது சரியில்லை.

செந்தேளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தம்பி வண்டலூர்ப் பக்கம் கல்லுக்கு அடியில இருந்து எடுத்துட்டு வந்துட்டான்.

முதலில் அந்தப் பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் தேள் கடியால் சாகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் செந்தேள்தான். ஆய்வுப் பெயர் ஹாட்டன்டாட்டா டமுலஸ். 1798-இல் ஃபப்ரீசியஸ் என்ற ஆய்வாளர் முதலில் விவரித்தது. வளர்ந்தது 5 முதல் 9 செ.மீ. வரை இருக்கும். நட்டுவாக்காலியோடு ஒப்பிட்டால் சின்னது, அதனால்தான் அலட்சியப்படுத்துகிறார்கள்.

அடையாளங்கள்: ஒல்லியான இடுக்கி, வரிவரியாக மேடு ஓடும் தடித்த வால், கொடுக்குக்கு அடியில் முள் இல்லாமை, முக்கோண மார்புத் தகடு. முதுகை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் நீளவாக்கில் மூன்று மேட்டுக் கோடுகள் தெரியும். அவற்றின் மேல் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. இவ்வளவும் சேர்ந்திருந்தால் ஹாட்டன்டாட்டா பேரினம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் அதே பேரினத்தில் ருகிஸ்குட்டிஸ் என்று இன்னொன்றும் உண்டு, கறுத்த நிறம். இரண்டையும் பிரிப்பது நிபுணர் வேலை. உங்களுக்கு அது தேவையில்லை, இரண்டையும் ஒரே பயத்தோடு நடத்துங்கள்.

செந்தேளை வீட்டில் வளர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் என்றால் பேச்சுக்கே இடமில்லை. தம்பியைத் திட்டுவதற்கு முன்னால் எந்தக் கல்லுக்கு அடியில் எடுத்தான் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு அது தேவைப்படும்.

பாத்ரூம் சுவத்துல ஒல்லியா ரெண்டு பிடிச்சேன். ஒண்ணுக்கு வால் ரொம்ப நீளம். ரெண்டும் வேற வேற வகையா?

அநேகமாக ஒரே வகை, ஆணும் பெண்ணும். வெளிர் மஞ்சள் உடம்பில் கறுப்புத் திட்டுகள் சிதறி, கொடுக்குக்கு அடியில் முள்ளோடு இருந்தால் ஐசோமெட்ரஸ் மாகுலேட்டஸாக இருக்கலாம். கப்பல் சரக்கோடு ஊர் ஊராகப் போய் உலகத்தின் வெப்பமண்டலத் துறைமுகங்களில் எல்லாம் குடியேறிவிட்ட தேள் அது. ஆணின் வால் பெண்ணுடையதைவிட அவ்வளவு நீளமாக இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஏமாறுவது சகஜம்.

கொஞ்சம் தட்டையா இருக்கு, அழுத்தி வெச்ச மாதிரி. அடிபட்டிருக்குமா?

இல்லை, அதன் உடம்பே அப்படித்தான். ஐயோமாக்கஸ் போன்ற பாறைத் தேள்கள் இடுக்குகளில் நுழைந்து வாழ்பவை, அதற்கேற்ற தட்டை உடம்பு. இடுக்கி அகலமாகவும் வால் மெல்லிய நூல் போலவும் இருக்கும்.

இது தேளே இல்லன்னு எங்க தாத்தா சொல்றார். வால் மெல்லிசா சாட்டை மாதிரி இருக்கு.

தாத்தா சொல்வது சரி. வால் நுனியில் கொடுக்கு இல்லாமல் நூல் போல நீண்டிருந்தால் அது சாட்டைத் தேள். சீண்டினால் வினிகர் வாடை அடிக்கும் ஒரு திரவத்தைப் பீச்சும், கொட்டாது. பழைய புத்தகத்துக்குள் ஓடும் அரிசி அளவுப் பூச்சிக்குக் குட்டி இடுக்கி இருந்தால் அது போலித் தேள், அதற்கு வாலே கிடையாது. குளத்தில் பிடித்த "நீர்த்தேள்" ஒரு பூச்சி, தேள் இனமே இல்லை. ஆறு கால் என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தேளுக்கு எட்டுக் கால், இடுக்கி தனி.

கடைக்காரர் எம்பரர்னு சொல்லித்தான் கொடுத்தார். நம்பலாமா சார்?

கடைக்காரர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட பெயரை உங்களுக்குச் சொல்லியிருப்பார். பெரிய கறுப்புத் தேள் எல்லாம் விற்கிற இடத்தில் எம்பரர் ஆகிவிடும். உண்மையான எம்பரர், பேண்டினஸ் இம்பரேட்டர், மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. அந்தப் பெயரில் கைமாறுபவை பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவின் ஹெட்ரோமெட்ரஸ் வகைகள். நம் ஊர் நட்டுவாக்காலிக்குக்கூட அந்தப் பட்டம் கிடைத்துவிடுவது உண்டு.

பிரித்துப் பார்க்க இடுக்கியின் மேல்பரப்பைக் கவனியுங்கள். எம்பரரில் அது முழுக்க உருண்டையான சின்னப் புடைப்புகள், கொஞ்சம் செம்பழுப்பு அடித்த கறுப்பு, ஆங்காங்கே முடி. தென்கிழக்கு ஆசிய வகைகள் பலவற்றில் இடுக்கி வழவழப்பாக, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். சீண்டினால் சட்டென்று நிமிர்ந்து நிற்பதும் இவைதான். எம்பரர் அதைவிடச் சாது. ஆனால் குணத்தை வைத்து வகை சொல்வது எனக்குப் பிடிக்காது. பசி, வெயில், இடமாற்றம் எல்லாமே குணத்தை மாற்றும். புடைப்பு மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பெரிய தேள்கள் சிலவற்றுக்கும் இடுக்கி சொரசொரப்புதான். உறுதியாகப் பிரிப்பது இடுக்கியில் உள்ள மிக நுண்ணிய உணர்முடிகள் எத்தனை, எங்கெங்கே என்ற கணக்கு. அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் பெயரைக் கேட்பதைவிட "எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். எந்த நாடு, எந்த மாவட்டம், பிடித்ததா, வளர்த்ததா. ஊர் தெரிந்தால் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். ஊர் தெரியாத தேளுக்குச் சிற்றினம் சொல்ல நிபுணரும் தயங்குவார்.

யூவி டார்ச் அடிச்சா பச்சையா மின்னுது. இதை வெச்சு வகை தெரியுமா?

தெரியாது. எல்லாத் தேளும் புற ஊதா ஒளியில் நீலப் பச்சையாக ஒளிரும். தோட்டின் மேலடுக்கில் உள்ள வேதிப்பொருள்கள்தான் காரணம். பீட்டா கார்போலின் என்ற ஒன்றை 1999-இலும் கூமரின் வகை ஒன்றை 2001-இலும் கண்டுபிடித்தார்கள். பல வருடம் சாராயத்தில் ஊறிய அருங்காட்சியகத் தேள்கூட ஒளிரும். சட்டை உரித்த புதிதில் மட்டும் ஒளிராது, தோடு இறுகிய பிறகுதான் ஒளி வரும். "மின்னல, செத்துடுச்சா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அந்த டார்ச்சுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. கருந்தேளின் மேல் உள்ள மேடு, புள்ளி, சொரசொரப்பு எல்லாம் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. யூவி வெளிச்சத்தில் படம் எடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் தனியாகத் தெரியும். ஆய்வாளர்களே இப்படித்தான் படம் எடுக்கிறார்கள். இரண்டு மூன்று படம் எடுத்ததும் அணைத்துவிடுங்கள். தேளுக்கு அந்த வெளிச்சம் பிடிக்காது.

போட்டோ எப்படி எடுத்தா நீங்க சொல்ல வசதியா இருக்கும்?

ஃபிளாஷ் வேண்டாம். கருந்தேள் மேல் ஃபிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டு மட்டும்தான் விழும். காலையில் ஜன்னல் ஓரம், பக்கவாட்டு வெளிச்சம், அடியில் வெள்ளைத் தாள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம், அதன் விட்டம் 27 மி.மீ. தேளின் நீளம் என்பது தலை முன்விளிம்பிலிருந்து வால் நுனி வரை, இடுக்கியைச் சேர்க்கக்கூடாது. இடுக்கியோடு அளந்து "எட்டு இஞ்ச்" என்று எழுதுகிறவர்கள் பலர்.

நான்கு படம் போதும். முழு முதுகு, ஒரு இடுக்கி கிட்டத்தில், கொடுக்கு பக்கவாட்டில், அப்புறம் அடிப்பக்கம். கடைசியதுதான் யாரும் அனுப்பாதது, அதுதான் எனக்கு அதிகம் தேவைப்படுவது. சாப்பாடு பார்சல் வரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். நீளமான, நுனியில் ரப்பர் மாட்டிய இடுக்கிக் கருவியால் தேளை அதற்குள் நகர்த்தி, மூடியை டேப் போட்டு ஒட்டிவிட்டு, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து எடுங்கள். கையில் ஏந்தி எடுத்த படம் அனுப்பினால் நான் வகை சொல்வதில்லை, திட்டு மட்டும்தான் வரும். தேளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மயக்கிப் படம் எடுக்கும் பழக்கமும் வேண்டாம்.

அடிப்பக்கம் சீப்பு மாதிரி ரெண்டு இருக்கே, அது என்ன? பல்லை எண்ணணுமா?

தேளுக்கு மட்டுமே உள்ள உறுப்பு அது. தரையில் உரசியபடி போய் வாசனையும் தரையின் தன்மையும் அறிகிறது. மார்புத் தகட்டுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். பல் எண்ணிக்கை வகைக்கு வகை வேறு. ஒரே வகையில் ஆணுக்குச் சீப்பு நீளமாகவும் பற்கள் கூடுதலாகவும் இருக்கும். ஆகவே ஆணா பெண்ணா என்பதற்கும் இதையே பார்க்கலாம்.

எண்ணுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ணுங்கள், ஒன்றிரண்டு வித்தியாசம் வருவது இயல்பு. தேள் வளர வளரப் பல் கூடாது, பிறக்கும்போது எத்தனையோ அத்தனைதான். குஞ்சுக்கும் பெரியதற்கும் ஒரே கணக்கு செல்லும் என்பதால்தான் ஆய்வாளர்கள் இதை இவ்வளவு நம்புகிறார்கள்.

சட்டை உரிச்சிடுச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீர்கள். தேளைத் தொடாமலேயே வகை பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. மேலே சொன்ன சீப்பு, மார்புத் தகடு, கொடுக்கு முள், முதுகு மேடு எல்லாம் உரித்த சட்டையில் அப்படியே இருக்கும், யூவியில் ஒளிரவும் செய்யும். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் மடிப்பு விரியும். அப்புறம் வெள்ளைத் தாளில் வைத்து நிதானமாக எண்ணலாம். காய்ந்ததும் தேதி எழுதி மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். எறும்பு வராத இடத்தில் வையுங்கள், சென்னையில் அதுதான் பெரிய சவால்.

உரித்த தேளை இரண்டு மூன்று நாள் தொந்தரவு செய்யாதீர்கள். உடம்பு இன்னும் இறுகியிருக்காது.

ஆப்ல போட்டுப் பாத்தேன், எம்பரர்னு தொண்ணூறு சதவீதம் உறுதியா சொல்லுது. நீங்க இல்லன்றீங்க.

ஆப் மேலிருந்து எடுத்த ஒரு படத்தைப் பார்க்கிறது. கறுப்பு, பெரிசு, தடித்த இடுக்கி என்றால் அதற்கு அதிகம் பழக்கமான பெயரைச் சொல்லும். அந்தச் சதவீதம் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான கணக்கு, உங்கள் தேளின் ஜாதகம் இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் மனிதர்கள் பார்த்துச் சொல்கிறார்கள், அது மேல். அங்கேயும் அடிப்பக்கப் படமும் கிடைத்த ஊரும் போட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

ஒரு இடத்துல மீசோபியூத்தஸ்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல ஹாட்டன்டாட்டா. எது சரி?

இரண்டும் ஒரே செந்தேள். முதலில் பியூத்தஸ், பிறகு மீசோபியூத்தஸ், இப்போது ஹாட்டன்டாட்டா. மருத்துவக் கட்டுரைகளில் பழைய பெயர் இன்னும் ஓடுகிறது. கருந்தேள்களுக்கும் இதே கதை. 2020-இல் பிரெண்டினி, லோரியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆசியக் காட்டுத் தேள்களை முழுக்க மறு ஆய்வு செய்து, அதுவரை ஹெட்ரோமெட்ரஸ் என்று ஒரே பெயரில் கிடந்தவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். இரண்டாவது பதிலில் வரும் ஜைகான்டோமெட்ரஸ், கெர்சொனெசொமெட்ரஸ் எல்லாம் அப்போது கிடைத்த பெயர்கள். 2020-க்கு முந்தைய பக்கத்தைப் படித்தால் எல்லாமே ஹெட்ரோமெட்ரஸ் என்றுதான் இருக்கும். பெயரின் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு தேடினால் குழப்பம் குறையும்.

ஒண்ணுதான் வெச்சிருந்தேன், தனியா. திடீர்னு முதுகு பூரா குட்டி. எப்படி?

தேள் முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும். குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை தாய் முதுகிலேயே இருக்கும். கர்ப்பகாலம் மாதக்கணக்கில் நீளும், பெரிய காட்டுத் தேள்களில் ஒரு வருடத்தை ஒட்டிப் போகும். உங்களிடம் வருவதற்கு முன்பே கருவுற்றிருக்க வேண்டும். ஆண் இல்லாமலே குட்டி போடும் வகைகளும் உலகத்தில் சில உண்டு, பிரேசிலின் டிட்டியஸ் செர்ருலேட்டஸ் அதில் பெயர்போனது. ஆனால் அதை முதல் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வகை பார்ப்பதற்கு இதில் ஒரு தகவல் இருக்கிறது. "வளர்ப்பில் பிறந்த குட்டி, அப்போதிருந்து தனியாகவே இருந்தது" என்று சொல்லி விற்றிருந்தால் அந்தக் கதை உடைந்துவிட்டது. காட்டில் பிடித்ததாகத்தான் இருக்கும். எங்கே பிடித்தது என்று மறுபடியும் போய்க் கேளுங்கள். குட்டிகள் இருக்கும்போது படம் எடுக்கிறேன் என்று தாயைத் தொந்தரவு செய்தால் குட்டிகளையே தின்றுவிடலாம்.

கொட்டிடுச்சு. வகை தெரிஞ்சாத்தான் டாக்டர் ஊசி போடுவாரா?

இல்லை. வகை தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். மோதிரம், வளையல் கழற்றுங்கள், கொட்டிய இடத்தை ஆட்டாமல் வையுங்கள், கிளம்புங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை என்றால் வலி குறைவாகத் தெரிந்தாலும் போயே ஆக வேண்டும். வாந்தி, உடம்பு முழுக்க வியர்வை, எச்சில் வடிதல், கை கால் சில்லிடுதல், மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் செந்தேளாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும்.

மருத்துவர் அறிகுறியைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்வார். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சின்ன ஊரில் இருந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் 1980-களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் செந்தேள் கடிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் பிறகு இறப்புகள் பெருமளவு குறைந்தன. செந்தேளுக்கான விஷமுறிவு மருந்தும் உண்டு, அதைச் செந்தேளின் விஷத்தை வைத்தே தயாரிக்கிறார்கள். வெளிநாட்டுத் தேளுக்கு அது பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டு பியூத்திடே வகைகளை யாரும் வீட்டில் வைக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். உங்கள் போனில் ஏற்கனவே தேளின் படம் இருந்தால் காட்டுங்கள். தேளைப் பிடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டாம்.

வகை தெரிஞ்சா சட்டப் பிரச்சினை வருமா? தெரியாமலே இருந்துடட்டுமா?

தெரியாமல் இருப்பது பாதுகாப்பு இல்லை. எம்பரர் 1995 முதல் சைட்டிஸ் என்ற, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகளும் வந்துவிட்டன. "எம்பரர்" என்று ரசீது வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது நிஜமாகவே எம்பரர்தானா என்பது. பதிவு வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது. கிண்டி தேசியப் பூங்கா, காப்புக் காடுகள் போன்ற இடங்களிலிருந்து எந்த உயிரையும் எடுத்து வருவது குற்றம். "ஒரு தேள்தானே" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

எனக்குச் சிற்றினம் வரைக்கும் தெரிஞ்சே ஆகணும். யாரைப் பாக்கிறது?

சாந்தோம் நெடுஞ்சாலையில் ஜூலாஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா என்ற மத்திய அரசு விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. உயிருள்ள தேளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதலில் படங்களோடும் கிடைத்த ஊரோடும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். மாத்திரை டப்பாவில் போட்டு வைத்த சட்டை இருந்தால் அதைச் சொல்லுங்கள். தேள் வயதாகி இறந்துபோனால் குப்பையில் போடாமல் அடர்ந்த ஆல்கஹாலில் போட்டு, கிடைத்த இடம், தேதி எழுதிய சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். ஊர் எழுதாத சீட்டோடு வரும் தேளால் ஆய்வாளருக்குப் பெரிய பயன் இல்லை.

வகையும் தெரியல, வளர்க்கவும் பயமா இருக்கு. பின்னாடி காலி மனையில விட்டுடவா?

விடாதீர்கள். வெளிநாட்டுத் தேள் என்றால் எங்கேயும் விடக்கூடாது. நம் ஊர்த் தேள் என்றால் எடுத்த இடத்திலேயே, அதே கல்லுக்குப் பக்கத்தில் விடுவது ஒன்றுதான் சரி. தம்பி கதையில் இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். எடுத்த இடம் காப்புக் காடு என்றாலோ, கடையில் வாங்கி எந்த ஊர் என்றே தெரியாது என்றாலோ வனத்துறையிடம் பேசுங்கள். அதுவரை மூடியில் காற்றுத் துளையும் பூட்டும் உள்ள பெட்டி, ஒரு மூடியில் தண்ணீர், வாரத்துக்கு ஒரு பூச்சி போதும். தேள் பல வாரம் பட்டினி தாங்கும், அதனால் அவசரப்பட்டு யாருக்காவது தள்ளிவிட வேண்டியதில்லை. கேட்கிறார்கள் என்று கொடுத்தால் பெட்டி மேல் "வகை தெரியாது, செந்தேளாகக் கருதவும்" என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.